மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டுவந்தீர்களா?

2023 டிசம்பர் 28 அன்று தமிழ்நாட்டு மீம் பக்கங்கள் செய்த சாதனையை இதுவரை யாரும் முறைப்படி பாராட்டவில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இதை எழுதுகிறேன். விஜயகாந்த் மறைந்தார் என்ற செய்தி காலையில் வந்தது. காபி ஆறுவதற்குள் முகப்புப் படங்கள் கறுப்பாகிவிட்டன. வருடக்கணக்கில் அவர் வாய் குழறியதை வெட்டி, ஒட்டி, விற்றுப் பிழைத்த அதே கைகள், அதே மென்பொருளில், அதே எழுத்துருவில், கறுப்பு வெள்ளைப் படம் போட்டு, ஓரத்தில் மெழுகுவத்தி ஏற்றி, “போய் வா கேப்டன்” என்று எழுதின. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. கோமாளியாக்கி வைத்திருந்த ஒருவரை ஒரே முற்பகலில் குலதெய்வமாக்க உலகத்தில் வேறு யாரால் முடியும்? கைதட்டுங்கள்.

அந்த மனிதர் பேச்சை வைத்துப் பிழைத்தவர். சினிமாவில் பக்கம் பக்கமாக வசனம் பேசிக் கைதட்டு வாங்கியவர். 2002இல் வந்த ‘ரமணா’வில் புள்ளிவிவரங்களை மூச்சு விடாமல் அடுக்கியதை இன்றைக்கும் பார்க்கலாம். 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கினார். 2006இல் விருத்தாசலத்தில் தனியாக நின்று ஜெயித்தார். 2011இல் 29 எம்.எல்.ஏ.க்களோடு எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அந்த நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கைவிட்டது. சொல் இழுத்தது. பாதி வாக்கியம் தொண்டையிலேயே நின்றுபோனது. ‘மக்களே’ என்று கூப்பிட்டால் ‘மக்கழே’ என்று விழுந்தது. வாளைப்பளம் வாங்கி வந்து, தமிள் வாள்க என்று கோஷம் போடும் ஒரு நாடு, ஒருவர் வாயில் தேவையில்லாத இடத்தில் ழகரம் வந்துவிட்டதே என்று விழுந்து விழுந்து சிரித்தது. டீ-ஷர்ட்டில் அச்சடிக்காததுதான் பாக்கி.

“பொது வாழ்க்கைக்கு வந்தால் கிண்டலைத் தாங்க வேண்டாமா?” என்பார்கள். தாங்கத்தான் வேண்டும். கிண்டலுக்கு அவர் வைத்துப்போன சரக்கும் கொஞ்சநஞ்சமில்லை. 2016 தேர்தலுக்கு முன் காஞ்சிபுரத்தில் மாநாடு கூட்டி, நான் கிங்கா, கிங் மேக்கரா என்று கூட்டத்தையே கேட்டார். மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக நின்று, 104 இடங்களில் ஆள் நிறுத்தி, ஓர் இடம்கூடக் கிடைக்காமல், உளுந்தூர்பேட்டையில் தானும் மூன்றாவதாக வந்து டெபாசிட்டைப் பறிகொடுத்தார். 2015 கடைசியில் செய்தியாளர்களைப் பார்த்துக் காறித் துப்பினார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் சட்டமன்றத்தில் எத்தனை நாள் கண்ணில் பட்டார் என்று ஒரு கேலிச்சித்திரத் தொடரே போட்டிருக்கலாம். எல்லாம் நியாயமான சிரிப்பு. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் அதற்கெல்லாம் உழைப்பு வேண்டுமே! சட்டமன்றக் குறிப்பைப் படிக்க வேண்டும், வாக்குக் கணக்குப் பார்க்க வேண்டும், கூட்டணியில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். கட்சிக்காரன் வீடு தேடி வருவான். நாக்கைக் கிண்டல் பண்ண ஒன்றும் வேண்டாம். பத்து நொடி வீடியோ, ஒரு வடிவேலு ரியாக்‌ஷன், ஒரு ‘டொய்ங்’ சத்தம். அந்த வடிவேலுவே 2011 தேர்தலில் மேடை மேடையாக ஏறி, இவரைக் குடியைச் சொல்லித்தானே கேலி செய்தார்? அன்று கூடி நின்று கெக்கலித்த கூட்டத்துக்குப் பிறகு ஸ்மார்ட்போன் கிடைத்தது. வேறென்ன முன்னேற்றம்?

மைக்கை நீட்டியவர்களையும் மறந்துவிட வேண்டாம். அவர் கோர்வையாகப் பேசமாட்டார் என்பது தெரிந்தேதான் ஓடி ஓடி நீட்டினார்கள். தெளிவாக ஒரு வார்த்தை சொன்னால் அது செய்தி, மூன்றாம் பக்கத்தோடு முடிந்துவிடும். குழறினால் அது ‘பைட்’. அன்று முழுக்க ஓடும். சொந்தக் கட்சியும் சளைத்ததில்லை. பிறந்தநாள், பொதுக்குழு என்று உட்காரவைத்துக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். 2023 டிசம்பர் 14 பொதுக்குழுவுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நிமிர்ந்து உட்காரவே சிரமப்பட்ட மனிதரை மேடையில் வைத்துப் பொதுச்செயலாளர் பதவியை மனைவிக்கு மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் அவர் இல்லை.

இரங்கல் வாரத்தில் மீம் பெருமக்கள் சொன்ன சமாதானம்தான் இதில் உச்சம். “அவருக்கு உடம்பு சரியில்லைன்னு அப்போ எங்களுக்குத் தெரியாதே.” ஐயா, சிகிச்சைக்குச் சிங்கப்பூர் போனது செய்தி. அமெரிக்கா போனது செய்தி. 2018 ஆகஸ்டில் கருணாநிதி இறந்தபோது, அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபடியே அழுதுகொண்டு ஒரு வீடியோ வெளியிட்டாரே, அது தமிழ்நாடு முழுக்க ஓடியது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவர் என்ன சொல்கிறார் என்று புரியாதவர் மட்டும் யாரும் இருந்திருக்க முடியாது. ஊர் திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேராக மெரினா சமாதிக்குப் போனார். 2022இல் சர்க்கரை நோயால் கால்விரல்களை எடுத்ததும் செய்திதான். இவ்வளவுக்குப் பிறகும் தெரியாது என்றால், என்ன எதிர்பார்த்தீர்கள்? அரசிதழில் வெளியிட வேண்டுமா? கெசட்டட் ஆபீசர் கையெழுத்தோடு மெடிக்கல் சர்டிபிகேட்டா? அதையும் கொடுத்திருந்தால், சர்டிபிகேட்டில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்திருப்பீர்கள். நீங்கள் ஏற்றுக்கொண்டது கடைசியில் ஒரே ஒரு சான்றிதழைத்தான். அது இறப்புச் சான்றிதழ்.

இந்தச் சர்டிபிகேட் வியாதி நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 2011 பிப்ரவரி 13, லாஸ் ஏஞ்சலிஸ். கிராமி விருது விழா அரங்குக்கு வெளியே நின்று, சிபிஎஸ் உள்ளூர் சேனலுக்காக செரீன் பிரான்சன் என்ற நிருபர் நேரலையில் பேசுகிறார். முதல் சில சொற்கள் சரியாக வருகின்றன. அப்புறம் எந்த மொழியிலும் சேராத ஒலிகள். அவர் கண்ணைப் பார்த்தால் போதும், உள்ளே என்னவோ நடக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கே தெரிந்துவிட்டது புரியும். இணையம் கண்ணைப் பார்க்கவில்லை. அந்த உளறலுக்கு இசையமைத்தது. மறுநாளே அமெரிக்கா முழுக்கச் சிரித்தது. அப்புறம் யுசிஎல்ஏ மருத்துவர்கள் பரிசோதித்து, இது பக்கவாதம் போலவே தோற்றம் காட்டும் ஒருவகை ஒற்றைத் தலைவலி என்றார்கள். சொல்ல வந்தது தெரிந்தது, சொல்தான் வரவில்லை, வலப் பக்க முகமும் கையும் மரத்துப்போயின என்று அவரும் பேட்டியில் சொன்னார். உடனே சிரித்த வாயெல்லாம் ‘அடடா’ என்றது. அவருக்காவது சில நாளில் சர்டிபிகேட் கிடைத்தது. ஒருவேளை அவர் நிஜமாகவே இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு வந்திருந்தால்? கண்ணில் அதே பயம் இருந்தாலும் சிரிக்கலாமா? வியாதி என்றால் ஐயோ பாவம், போதை என்றால் தாராளமாகச் சிரிக்கலாம் என்று சட்டம் போட்டவர் யார்?

வாய் தவறினால் சிரிக்கவே கூடாது என்று நான் சொல்வதாக ஒரு புண்ணியவான் கிளம்புவார். சிரிக்கலாம். 2010 டிசம்பரில் பிபிசி வானொலியின் காலைச் செய்தியில் ஜேம்ஸ் நாட்டி, அமைச்சர் ஜெரெமி ஹன்ட்டின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டார். அச்சில் ஏற்ற முடியாத கெட்ட வார்த்தை ஒன்று ஒலிபரப்பாகிவிட்டது. சிரிப்பை அடக்க இருமி இருமியே அவர் மிச்சச் செய்தியைப் படித்தார். அதே நாள் வேறொரு நிகழ்ச்சியில் அதைப் பற்றிப் பேச வந்த ஆண்ட்ரூ மாரும் அதே குழியில் விழுந்தார். தடுக்கியவர் எழுந்து, தூசி தட்டி, தானும் சிரிக்கிறார். கூடச் சேர்ந்து சிரிப்பதில் யாருக்கு நஷ்டம்? எழுந்திருக்கவே முடியாதவரைச் சுற்றி நின்று சிரிப்பதுதான் வேறு சங்கதி. முதல் நொடியில் ‘பக்’கென்று வரும் சிரிப்புக்கும் நான் வழக்குப் போடவில்லை, அது தும்மல் மாதிரி. ஆனால் தும்மலை யாரும் எடிட் செய்து, பின்னணி இசை சேர்த்து, ‘தரமான சம்பவம்’ என்று தலைப்பு வைத்து, நடுவில் விளம்பரம் செருகிக் காசு பார்ப்பதில்லை.

பழகிய சிரிப்பு வீட்டுக்கும் வரும். பேச்சு திடீரெனக் குழறுவது, வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்கிப்போவது: பக்கவாதம் வாசலுக்கு வந்துவிட்டது என்பதற்கு இவைதான் அடையாளம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒரு நடுவயது ஆள் சரிந்து உட்கார்ந்து, டிக்கெட் எந்த ஊருக்கு என்று சொல்ல முடியாமல் வாயைக் குதப்பினால் நாம் என்ன சொல்வோம்? “காலங்காத்தாலேயே ஏத்திட்டு வந்துட்டான் பாரு.” பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். ஒரு கல்லூரிப் பையன் போனை எடுப்பான், 108க்கு இல்லை. நாலரை மணி நேரத்தில் ஒன்றரை இப்படியே போகும். மிச்சம், அவருடைய பெண்சாதி வந்து “என் வீட்டுக்காரர் குடிக்கவே மாட்டாருங்க” என்று ஊரைக் கூட்டி நிரூபிப்பதில் போகும். அங்கேயும் சர்டிபிகேட்தான்.

2022 செப்டம்பரில் அமெரிக்காவின் டல்சா நகரில், கேஜேஆர்எச் சேனலில் ஜூலி சின் என்பவர் நாசாவின் ஆர்ட்டெமிஸ் ராக்கெட் பற்றிய செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணெதிரே எழுத்து ஓடுகிறது, வாயில் சொல் வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். கடைசியில், இன்று காலை எனக்கு என்னவோ சரியில்லை என்று நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டு, வானிலை சொல்பவரிடம் ஒப்படைத்தார். உடன் வேலை பார்த்தவர்கள் அதற்குள் அவசர உதவிக்குப் போன் செய்துவிட்டார்கள். பக்கவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். ஆள் பிழைத்தார்.

நம் ஊர் ஸ்டூடியோவில் அப்படி ஒரு காலை வந்தால் ஆம்புலன்ஸுக்கு யார் போன் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. தம்ப்நெயில் போட ஆள் தயார். ‘நேரலையில் உளறிய பிரபல தொகுப்பாளினி, நடந்தது என்ன?’ என்று மஞ்சள் எழுத்தில், வாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஆம்புலன்ஸ் கிண்டியைத் தாண்டுவதற்குள் ஏற்றியிருப்பார்கள்.