சந்தனக் கலர் சீட்டு

சித்திரை மாசம், மத்தியானம் 2 மணி. மாட்டுத்தாவணி வெயிலில் நிறுத்தி வைத்த காரின் தோல் சீட்டில் வேட்டிக்காரர் உட்கார்ந்தால் 'ஸ்ஸ்' என்பார். அரைக்கால் டவுசர்காரர் உட்கார்ந்தால் பெற்ற அம்மாவைக் கூப்பிடுவார். என் மச்சான் வேட்டிக்காரர். அந்தத் துணிச்சலில்தான் தோல் சீட்டு போட்ட செகண்ட் ஹேண்ட் கார் ஒன்றை வாங்கினார். அதுவும் சந்தனக் கலரில். புழுதியும் வெயிலும் பான் பராக்கும் உள்ள ஊரில் காருக்குள் சந்தனக் கலர் வைக்கலாம் என்று முதலில் யோசித்தவர் மதுரைப் பக்கம் வந்திருக்கவே மாட்டார்.

"ஒரிஜினல் தோலு மாப்ள. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சுட்டது. அதை வைத்து ஒரிஜினல் என்று சொல்லிவிட முடியாதே! ரெக்சினும் சுடத்தான் செய்யும். மாமனார் உடனே சோதனைக்கு வழி சொன்னார்: "ஓரமா ஒரு தீக்குச்சியப் பத்தவச்சுக் காட்டு. முடி கருகுன வாசம் வந்தா தோலு. பிளாஸ்டிக் வாசம் வந்தா ஏமாத்திட்டாய்ங்க." அவர் சொன்ன சோதனை என்னவோ சரிதான். ஆனால் எந்த முடிவு வந்தாலும் சீட்டில் ஓட்டை இருக்கும்.

வழக்கைத் தீர்த்து வைத்தவர் குஷன் கடைக்காரர். சீட்டுக்கு அடியில் கொக்கி போட்டு இழுத்திருந்த ஓரத்தைக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளே பஞ்சு மாதிரி நார் இருந்தால் தோல். துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் நாராக இருந்தன. பக்கவாட்டும் பின்புறமும் துணியாக இருந்தன. "பாதி மாடு, பாதி ரெக்சின்ணே. கம்பெனியிலேயே இப்படித்தான் போடுவாங்க" என்றார். ரெக்சின் என்பது இங்கிலாந்தில், மான்செஸ்டர் பக்கத்தில் இருந்த ஒரு கம்பெனியின் சரக்குப் பெயர். நம்மூரில் ஸ்கூல் பையிலிருந்து ஷேர் ஆட்டோ சீட்டு வரை பளபளவென்று எது இருந்தாலும் ரெக்சின்தான். மச்சான் அந்தப் பாதி மாட்டைப் பிடித்துக்கொண்டார். அதைக் காப்பாற்றுவது எப்படி என்று வைத்தியம் கேட்கக் கிளம்பினார்.

மதுரையில் இதற்கு வைத்தியருக்கா பஞ்சம்? மாமனாருக்குத் திருமங்கலம் பக்கம் சொந்த ஊர். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்த கை. கமலைச் சாலின் அடியில் தொங்கும் தோல் வால் காய்ந்து வெடிக்காமல் இருக்க எண்ணெய் போட்டுப் பழகியவர். "தோலுன்னா எண்ணெ குடிக்கணும்டா. புது செருப்புக்கு வெளக்கெண்ணெ போடுறதில்ல?" என்றார். மச்சானும் அரை லிட்டர் விளக்கெண்ணெய் வாங்கி வந்துவிட்டார்.

மாமனாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அறிந்த தோலுக்கு அது சரியான வைத்தியம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறப் போட்டுப் பதப்படுத்திய தோல் அது. அதன் துவாரங்கள் திறந்தே இருக்கும். எண்ணெய் கொடுத்தால் குடிக்கும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது இந்த ஆவாரந்தோல்தான். பிறகு குரோம் உப்பு வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்கில் முடிந்தது. சென்னையில் ஒரு தோல் கம்பெனி இருந்த இடத்துக்குக் குரோம்பேட்டை என்றே பெயர் நின்றுவிட்டது. கார் சீட்டுத் தோலோ அதோடும் நிற்பதில்லை. பதப்படுத்தி முடித்த பிறகு வண்ணம் அடிப்பார்கள். அதற்கு மேலே பாலியூரித்தேன் என்ற கண்ணாடி மாதிரிப் பூச்சு ஒன்று. அந்தச் சீட்டில் உட்காரும்போது நாம் தொடுவது மாட்டை அல்ல, மாட்டின் மேல் பூசிய பிளாஸ்டிக்கை. விளக்கெண்ணெய் எந்த வழியாக உள்ளே போகும்? மேலேயே நின்றது. சிக்குவாடை அடித்தது. மாமனார் வெள்ளை வேட்டியின் பின்பக்கத்தில் இந்திய வரைபடம் ஒன்றும் விழுந்தது. இலங்கை உட்பட.

அடுத்த வைத்தியம் பைபாஸ் ரோட்டுக் கடையில் கிடைத்தது. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை. பின்னால் நடந்ததை வைத்துச் சிலிக்கான் என்று ஊகிக்கிறேன். அடித்துத் துடைத்தால் சீட்டில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. காளவாசல் சிக்னலில் மச்சான் பிரேக் போட்டார். பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அத்தை, சம்மணம் கலையாமல் அப்படியே முன்னால் வந்து சேர்ந்தார். கையிலிருந்த மல்லிகைப் பந்து கியர் மேல் விழுந்தது. "என்னடா, வண்டி நின்னுருச்சு, நான் மட்டும் போறேன்?" என்று கேட்டார். நியூட்டன் இதை வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார்.

ஆயுத பூஜை வந்தது. அத்தை மஞ்சளைக் குழைத்து, தலை சாய்க்கும் இடத்தில் ஒன்றுக்கு மூன்றாகப் பொட்டு வைத்தார். மறுநாள் மச்சான் முகம் போன போக்கைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் பொட்டு ரத்தச் சிவப்பாகிவிட்டது. அத்தை பயந்துபோய் மடப்புரம் காளிக்கு வேண்டிக்கொண்டார். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், சோப்பு காரம். சுண்ணாம்பு சேர்த்தால் மஞ்சள் சிவப்பதும் இதே கணக்கில்தான். ஆரத்தித் தட்டு கரைக்கிற அத்தைக்கு இது தெரியாததல்ல, சீட்டு என்றதும் மறந்துவிட்டது. பதப்படுத்திய தோல் சற்றே புளிப்புப் பக்கம் இருக்கிற வஸ்து. துணி சோப்பு அதற்கு ஆகாது என்பது இன்னொரு சங்கதி. ஆனால் இந்த மஞ்சளுக்கு ஒரே மருந்து வெயில். குர்குமின் வெளிச்சத்தில் நிற்காது. கண்ணாடி வழியே விழுந்த வெயிலிலேயே கறை வெளிறிப் போனது. மதுரை வெயில் அந்தக் காருக்குச் செய்த ஒரே நன்மை அது. அத்தையைக் கேட்டால் காளி செய்தது என்பார்.

எண்ணிப் பார்த்தால், மதுரை வட்டாரத்தில் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைகளே இந்தச் சீட்டுக்குப் பரம வைரிகள். மதுரை மல்லி: தலை சாய்த்தால் பூ நசுங்கிப் பழுப்புக் கறை, கூடவே தேங்காய் எண்ணெய். சுங்குடிச் சேலை: புதுசாக உடுத்தி, வேர்த்து உட்கார்ந்தால் சாயம் இடம் மாறும், சந்தனச் சீட்டில் அரக்குப் புள்ளிக் கோலம். (ஜீன்ஸ் போட்டவர்கள் சிரிக்க வேண்டாம். நீலமும் இதே வேலையைத்தான் செய்கிறது.) திண்டுக்கல் பூட்டு ஒன்றுதான் கறை பண்ணாது. ஜிகர்தண்டா குறியீடெல்லாம் பார்ப்பதில்லை, வேகத்தடை வந்தால் கொட்டும். கொரோனாக் காலத்துச் சானிடைசரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கிலும் கைப்பிடியிலும் பூச்சையே உரித்த வண்டிகள் எத்தனை!

உண்மையான பராமரிப்பு என்னவோ ரொம்பச் சின்ன விஷயம். தூசியை வேக்குவம் கிளீனரால் எடுக்க வேண்டும். தையல் இடுக்கில் மணல் தங்கினால் உப்புத்தாள் மாதிரி அராவும். தண்ணீரில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு கலந்து, மெல்லிய துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை. பொடி ஓட்டை போட்ட சீட்டாக இருந்தால் எதையும் நேரே ஊற்றக் கூடாது. அடியில் இருக்கும் ஃபோம் குடித்துவிடும். வெளியே 40 டிகிரி என்றால் பூட்டிய காருக்குள் 60-ஐத் தாண்டும் என்பதால், முன்கண்ணாடிக்கு ஒரு மறைப்பு. சாயம் பட்டால் அன்றைக்கே துடைத்துவிட வேண்டும். இவ்வளவுதான்.

மச்சானுக்கு இதில் திருப்தியே இல்லை. ஊசி போடாமல், மருந்தும் எழுதாமல் 'ஒன்றுமில்லை, போங்க' என்று அனுப்பும் டாக்டரை நம்மூரில் யார் மதிக்கிறார்கள்? "தண்ணியா? தோலுக்கு தண்ணி ஆகாது மாப்ள" என்று ஒரே பிடியாக நின்றார். துடைக்கவும் விடவில்லை. மேலே துண்டு விரித்தார். துண்டு நழுவியது என்று துணி உறை வாங்கி மாட்டினார். சந்தனக் கலர் கண்ணில் படாமலே போனது.

சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்கு மூன்றுமாவடிப் பக்கம் ஒரு சந்தில் காரை நிறுத்தியிருந்தோம். உறையைத் துவைக்கப் போட்டிருந்ததால் சீட்டு வெறுமையாக இருந்தது. காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கி விட்டிருந்தார் மச்சான். அழகர் வேஷம் கட்டி, தலையில் உருமாலும் தோளில் ஆட்டுத்தோல் பையுமாக ஒருவர் வந்தார். மலையிலிருந்து வெயிலில் நடந்து வரும் அழகருக்குச் சூடு தணியத் தண்ணீர் பீய்ச்சுகிற பை. மோட்டார் வைத்துப் பீய்ச்சலாமா, தோல் பைதானா என்று நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம் இது. அவர் சாமிக்கு முன்னால் ஒத்திகை பார்த்தாரோ என்னவோ, பை கக்கத்தில் அமுங்கி, கண்ணாடி வழியாகச் சீட்டு முழுக்க அபிஷேகம் நடந்துவிட்டது.

மச்சான் கத்தினார்: "யோவ், தோல் சீட்டுய்யா!"

வேஷக்காரர் நின்று, பையைத் தட்டிக் காட்டினார். "இதுவும் தோலுதாண்ணே. காலையிலருந்து தண்ணிலயேதான கெடக்கு."

நான் துண்டால் துடைத்தேன். தண்ணீரோடு விளக்கெண்ணெயின் மிச்சமும் சிலிக்கான் வழுவழுப்பும் கொஞ்சம் துண்டில் வந்தன. சீட்டு வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிட நன்றாக இருந்தது. மச்சான் அதைப் பார்க்கவே இல்லை. வேஷக்காரரை நிறுத்தி வைத்து, பையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பி, முகர்ந்து, எங்கே வாங்கியது, என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது காரின் டிக்கியில் ஓர் ஆட்டுத்தோல் பை இருக்கிறது. அதற்கு என்ன எண்ணெய் போடலாம் என்று போகிற இடமெல்லாம் கேட்டு வருகிறார். வெயிலில் வாடாமல் இருக்க, அதற்கும் சந்தனக் கலரில் ஓர் உறை தைக்கக் கொடுத்திருக்கிறார்.