வளையத்துக்கு ரெண்டு கீதாரி

யுரேனஸை 1781-ல் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், அதற்கு இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜின் பேரை வைக்கப் பார்த்தார். ராஜாவும் வருஷத்துக்கு 200 பவுண்டு சம்பளம் போட்டுக் கொடுத்தார். பேர் ஒட்டவில்லை, சம்பளம் ஒட்டிக்கொண்டது.

வானியலாளர்கள் அதோடு விட்டார்களா? 1977 மார்ச் 10 ராத்திரி ஒரு விண்மீனுக்குக் குறுக்கே யுரேனஸ் வரப்போகிறது என்றதும் கிளம்பிவிட்டார்கள். ஜேம்ஸ் எலியட் கோஷ்டி விமானத்துக்குள்ளேயே தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பெர்த்திலிருந்து இந்தியப் பெருங்கடல் மேலே பறந்தது. நம்ம ஆட்கள், ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும், வாணியம்பாடிப் பக்கம் காவலூரில் 102 செ.மீ. தொலைநோக்கியோடு தரையிலேயே உட்கார்ந்தார்கள். விமானச் செலவு மிச்சம்.

விண்மீன் சில நொடி மங்கி, திரும்ப முழித்தது. காவலூர்க்காரர்கள் ‘யுரேனஸுக்குப் புது நிலா’ என்று ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிப் போட்டார்கள். விமானத்திலோ கிரகத்துக்கு முன்னால் ஐந்து மங்கல், பின்னால் ஐந்து, கிட்டத்தட்ட அதே மாதிரி. நிலாவென்றால் இப்படி ஜோடி சேர்ந்து நிற்குமா? வளையம்தான்! காவலூர் நிலாவும் அந்த வளையங்களில் ஒன்றின் துண்டு என்று ஆகிப்போனது.

அடுத்த தலைவலி: வளையங்கள் நூல் மாதிரி ஒல்லி. கல்லும் கல்லும் இடித்து இடித்து எப்போதோ பரவிப் போயிருக்கவேண்டும். 1979-ல் கோல்ட்ரைக், ட்ரிமெய்ன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் கணக்குப் போட்டார்கள்: இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குட்டி நிலா காவல் நிற்கிறது. கறம்பக்குடிப் பக்கம் அறுத்த வயலில் கிடை போட ஆட்டை ஓட்டிவரும் கீதாரிகள் செய்கிற அதே வேலை. ஆனால் இந்த நிலாக்களிடம் கம்பு கிடையாது, இழுக்கத்தான் தெரியும். உள்பக்கத்து நிலாவுக்கு வேகம் அதிகம். துகளை முன்னுக்கு இழுத்து முடுக்குகிறது, துகள் வெளியே விலகுகிறது. வெளிப்பக்கத்து நிலா மெதுவாகப் போகும். துகளைப் பின்னுக்கு இழுக்க, அது உள்ளே இறங்குகிறது. இழுத்து இழுத்தே தள்ளிவிடுகிற வித்தை! சில சொந்தக்காரர்களுக்கும் இது கைவந்த கலை.

1986 ஜனவரியில் வாயேஜர்-2 விண்கலம் போய்ப் பார்த்தால், வளையங்களில் ஒன்றான எப்சிலானுக்கு இருபுறமும் சுமார் 40 கி.மீ. குறுக்களவில் இரண்டு நிலா. கார்டீலியா, ஒஃபீலியா என்று ஷேக்ஸ்பியர் பெண்களின் பேர் வைத்தார்கள். அப்பா விரட்டிய ஒருத்தி, காதலன் கைவிட்ட ஒருத்தி. இரண்டு பேருக்கும் கடைசியில் கிடை காக்கும் உத்தியோகம். ஆக, காவலூர்க்காரர்கள் பார்த்தது நிலா இல்லைதான், ஆனால் நிலா சொல் கேட்கிற சரக்கு.

மிச்ச வளையங்களில் பலவற்றுக்குக் கீதாரி யாரென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.