தங்கமீன் வாடகை

இங்கிலாந்தின் கால்பந்து கிளப்பான லீட்ஸ் யுனைடெட், வருங்கால டிக்கெட் வசூலை அடமானம் வைத்து 6 கோடி பவுண்ட் கடன் வாங்கியது. வருஷா வருஷம் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் ஆடுவோம், பணம் கொட்டும் என்பது கணக்கு. 2001-இல் அரையிறுதி வரை போனதும் உண்மைதான். அடுத்த இரண்டு முறையும் தகுதியே பெறவில்லை. வட்டிக்காரனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லையே!

கடனைச் சமாளிக்க, நட்சத்திர வீரர் ரியோ ஃபெர்டினாண்டைப் பரம வைரியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே விற்றார்கள். இன்னொரு வீரர் ராபி ஃபௌலர் கதை இன்னும் விசேஷம். மான்செஸ்டர் சிட்டிக்கு விற்ற பிறகும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸே கட்டியது. மாட்டை விற்றவன் மாசாமாசம் தீவனக் காசும் அனுப்பிய மாதிரி.

கிளப்பின் அன்றைய தலைவர் பீட்டர் ரிட்ஸ்டேல் அறையிலிருந்த தங்கமீன்கள்கூட வாடகைக்கு எடுத்தவை. விஷயம் வெளியே வந்ததும் ஊரே மீன்களைப் பிடித்துக்கொண்டது. மாதம் 20 பவுண்ட், பாவம். கோடிகளில் கையெழுத்துப் போட்டபோது கைதட்டியதும் இதே ஊர்தான்.

2004-இல் முதல் நிலையான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள். 2007-இல் மூன்றாம் நிலை லீகுக்கே போனார்கள். மறுபடி பிரீமியர் லீக் வாசலை மிதிக்க 2020 ஆயிற்று.