கடலைத் தேடி ஆர்.கே.பேட்டைக்கு

திருத்தணிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆர்.கே.பேட்டையிலிருந்து கடல் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். அப்படியிருந்தும் எங்கள் ஊரைச் சுற்றிக் கடல் பார்த்த வீடுகள் முளைக்கின்றன. எல்லாம் 'தோட்டத்து சார்' புண்ணியம்.

தோட்டத்து சார் என்பது ஒரு ஆள் இல்லை, ஒரு இனம். மாதத்துக்கு ஒருவராவது சோளிங்கர் சாலையில் கார்க் கண்ணாடியை இறக்கி, "இங்க நிலம் ஏதாவது விலைக்கு வருதா?" என்பார். முதலில் அவர் ஆசைப்பட்டது மாமல்லபுரம் பக்கம் ஒரு ஏக்கரும் ஒரு வீடும். அங்கே விலையைக் கேட்டதும் கடலை விட்டுவிட்டுத் திருத்தணி முருகனைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வீட்டுப் பிளானுக்கு அதற்குள் பணம் கொடுத்தாயிற்று. அதை வீணாக்க மனம் வருமா? கிழக்கே பார்த்துத் திறந்த வராந்தா, ஆளுயரக் கண்ணாடிச் சன்னல், மொட்டை மாடியில் ஊஞ்சல். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களைச் செய்தியில் வாசிக்கும்போது திருத்தணி பெயர் அடிக்கடி வரும். அந்த வெயில் கண்ணாடி வழியாக வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்கிறது. சார் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில்.

நெல் போட்டால் கயனி, கடலை போட்டால் கொல்லி என்போம் நாங்கள். சார் வாங்கினால் ஃபார்ம் ஹவுஸ். எங்களுக்கு ஏக்கர் என்றால் 100 சென்ட். அவருக்கு 18 கிரவுண்டு. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் "ரெண்டு ஏக்கர்னா முப்பத்தாறு கிரவுண்டு!" என்று கையை விரித்துக் காட்டுவார். தி.நகரில் அரை கிரவுண்டில் இருப்பவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டே கொய்யா பறிப்பார்கள்.

விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்று கேள்விப்பட்டதும் நான்கு ஏசி வாங்கிவிட்டார். அது கிணற்று மோட்டாருக்கு மட்டும், வீட்டுக்கு இழுத்தால் கேஸாகிவிடும் என்று லைன்மேன் சொன்ன அன்று சார் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

பிறகு விவசாயம். கடலைத் தேடி வந்தவருக்கு வாய்த்தது கடலைதான்: வேர்க்கடலை. முதல் வருஷம் கொல்லியில் மயில் வந்து நின்றபோது, "முருகனே வாகனத்தை அனுப்பியிருக்கான்" என்று படம் எடுத்து உறவுக்கெல்லாம் அனுப்பினார். இரண்டாம் வருஷம் விதைத்த கடலையை அதே வாகனம் வரிசை தப்பாமல் கிளறித் தின்றது. விரட்டலாம், ஒரு இறகைக்கூடத் தொட முடியாது. தேசியப் பறவை, சட்டம் கடுமை. போதாக்குறைக்கு அந்தப் பக்கம் மலைமேல் அதன் முதலாளி வேறு இருக்கிறார். இப்போது மயில் அகவினால் சார் காதைப் பொத்திக்கொள்கிறார்.

வீட்டில் உண்மையில் குடியிருப்பது காவல்காரர். சார் மாதம் இரண்டு ஞாயிறு வருவார், வருவதற்கு முன் போன் செய்து, "வரலாமாப்பா?" என்று கேட்பார். "இந்த வாரம் வாணாம் சார், மருந்து அடிச்சிருக்கேன்" என்றால் வரமாட்டார். தேங்காய்க் கணக்கும் அப்படித்தான். எங்கள் திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி. ம.பொ.சி. முதலானோர் போராடி வாங்கியது. ஆனால் மரத்துக்கு எத்தனை தேங்காய் என்று சார் கேட்டதும், காவல்காரரும் அவர் மனைவியும் பேசிக்கொள்வது தெலுங்கில்தான். அந்தப் பேச்சு முடியும்போது முப்பது காய் குறைந்திருக்கும். பாவம், மனுஷன் அடுத்த மாதமும் வருவார்.

நீங்களும் இந்தப் பக்கம் நிலம் பார்க்க வந்தால் தாராளமாக வாருங்கள். டீக்கடையில் மட்டும் சென்ட் என்ன விலை என்று கேட்டுவிடாதீர்கள். கேட்ட அன்றே ஏறிவிடுகிறது. நானும் ஒரு கொல்லி வாங்கலாமென்று இருக்கிறேன்.