வடசென்னையில் இடக்கைப் பேஸ் கிட்டார்ப் பெருக்கம்: எண்ணூர் நெடுஞ்சாலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு வீட்டில் ஒரு பேஸ் கிட்டார் இருந்தால் அங்கே ஒரு வாத்தியக்காரர் இருக்கிறார் என்று கொள்ளலாம். ஐந்து இருந்தால் அங்கே ஓர் இடக்கைக்காரர் இருக்கிறார் என்று கொள்ள வேண்டும். இதுவே இவ்வாய்வின் கருதுகோள். நுங்கம்பாக்கத்திலும் அடையாற்றிலும் ஐந்து வைத்திருப்போர் உளர். அவர்கள் ஆசைப்பட்டு வாங்கியவர்கள், ஆகவே ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான நிலப்பரப்பில் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு மேலும் பேஸ் கிட்டார்கள் சேர்வது ஆசையினால் அன்று, ஒன்றைத் திருத்தப் போனதன் விளைவால் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாய்வாளரும் இடக்கைக்காரர், திருவொற்றியூர்வாசி, கட்டில் உடையவர். எனவே நடுநிலை குறித்து எவருக்கும் ஐயம் வேண்டாம்.

இத்துறையில் முன்னாய்வுகள் இல்லை. இருப்பினும், வரலாற்று இயல் இல்லாத ஆய்வேட்டில் எந்த நெறியாளரும் கையெழுத்துப் போடுவதில்லை என்பதால் அதையும் முடித்துவிடுவோம். சென்னையின் இடம்–வலம் சிக்கல் பழையது. 1652-லேயே இடங்கையாரும் வலங்கையாரும் இங்கே மோதிக்கொண்டார்கள். 1707-ல் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்ற சண்டை முற்றி, கவர்னர் தாமஸ் பிட் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ண வேண்டியதாயிற்று. இவை சாதிக் கூட்டணிகள். யார் எந்தக் கையால் சோறு உண்டார்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எனவே இந்தச் செய்தி நம் ஆய்வுக்கு எவ்வகையிலும் உதவாது. இயல் முடிந்தது.

இலக்கியச் சான்று இதைவிட வலுவானது. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் இழந்தார். காஞ்சியில் அவருக்கு முதலில் திரும்பக் கிடைத்தது இடக்கண். வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. இடப்பக்கத்துக்கு இவ்வளவு தெளிவாக முன்னுரிமை அளித்த இறைவன், இசைக்கருவிக் கடைக்காரர்களிடம் மட்டும் ஏனோ அதைச் சொல்லி வைக்கவில்லை. தந்தி வாத்தியமும் இவ்வூருக்குப் புதிதன்று. வீணை குப்பய்யரின் ஊர் இது. தியாகராஜர் இங்கே வந்து திரிபுரசுந்தரியின் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடிப் போயிருக்கிறார். இடக்கை வீணை உண்டா என்று குப்பய்யரை யாரும் கேட்டதாகக் குறிப்பில்லை.

லீட் கிட்டார் வாசித்திருக்கலாமே, ஏன் பேஸ் என்று கேட்பார்க்கு விடை சூழலியலில் இருக்கிறது. நான்கு கம்பிப் பேஸ் கிட்டாரில் ஆகத் தாழ்ந்தது ஈ கம்பி. விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அதற்கு அடுத்த ஏ கம்பி 55 முறை. ஐந்து கம்பிக் கருவியில் கூடுதலாக வரும் பி கம்பி கிட்டத்தட்ட 31. இனி, துறைமுகத்துக்குள் நுழைய முடியாமல் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரியைக் கவனிக்க. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று வெடிப்பு. நிமிடத்துக்கு 620 சுற்றில் சும்மா உறுமிக்கொண்டு நின்றால் விநாடிக்கு 31 வெடிப்பு, அதாவது பி. ஓட்டுநர் பொறுமையிழந்து ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 820-க்குக் கொண்டுபோனால் ஈ. முன்வண்டி நகர்கிற மாதிரி தெரிந்து 1,100 வரை முறுக்கினால் ஏ. நகரவில்லை என்று தெரிந்து காலை எடுத்தால் மறுபடி பி. ஐந்து கம்பிக் கருவியின் தாழ்ந்த மூன்று கம்பிகளுக்கும் சுருதி சேர்க்க இந்த வட்டாரத்தில் டியூனர் வாங்கத் தேவையில்லை, வாசலில் நின்றால் போதும். 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறிய நிறுவனத்தின் ஆலை எண்ணூரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே பிறந்த பிள்ளைக்குத் தாழ்சுரம் தாலாட்டோடு வந்து சேர்கிறது என்பது தெளிவு. லியோ ஃபெண்டர் 1951-ல் கலிஃபோர்னியாவில் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தது தற்செயல். அவர் இங்கே குடியிருந்திருந்தால் இன்னும் முன்னதாகவே கொண்டுவந்திருப்பார்.

ஆக, காது தயார். கைதான் பிரச்சினை. உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைக்காரர் என்பர். ஆனால் கடைச் சுவரில் தொங்கும் பத்தில் ஒன்றுகூட இடக்கைக்கு உரியதாக இல்லை. களப்பணியில் பதிவான உரையாடல் ஒன்று:

“அண்ணே, லெஃப்ட் ஹேண்ட் பேஸ் இருக்கா?”

“ஆர்டர் போட்டா வரும் தம்பி. முழுப் பணமும் அட்வான்ஸ்.”

“எப்ப வரும்ணே?”

“வரும் தம்பி.”

இந்த இடத்தில்தான் வலக்கைக் கருவியை வாங்கித் திருப்பிக்கொள்வது என்னும் எண்ணம் தோன்றுகிறது. சர்ச் குவயரில் ஒதுக்கிப் போட்டது, கலைந்துபோன லைட் மியூசிக் ட்ரூப்பில் மிஞ்சியது, கப்பலில் வேலை பார்க்கும் மாமா சிங்கப்பூரிலிருந்து யாருக்கோ கொண்டுவந்து அந்த யாரோ வேண்டாம் என்றது என மலிவாகக் கிடைக்கும் வழிகள் பல. வாங்கியாயிற்று. கம்பிகளைக் கழற்றி மாற்றிப் போட்டால் தீர்ந்தது என்று ஆய்வுப் பொருளானவர் நம்புகிறார். அவருக்கு நேர்வதை விளக்க, இவ்வாய்வாளர் நூற்பா ஒன்று யாத்துள்ளார்.

வலக்கைக் கருவி இடக்கைப் படுங்கால்
தடிநரம்பு மெலிநரம்பின் பள்ளங் கொள்ளா;
மெலிநரம்போ தடிநரம்பின் பள்ளத்து ஆடும்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், நட்டின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. நட்டு என்பது கழுத்தின் உச்சியில் கம்பிகள் தங்கிச் செல்லும் சிறு தண்டு. வழக்கமான கம்பிக்கட்டில் ஈ கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 105 பங்கு தடிமன், ஜி கம்பி 45 பங்கு. பள்ளங்களும் அதற்கேற்ப வெட்டப்பட்டிருக்கும். ‘கொள்ளா’ என்றதனால், அரம் கொண்டு ராவிக்கொள்க என்பது பெற்றாம். ‘ஆடும்’ என்றதனால், ‘கிர்’ என்னும் ஓசை பிறக்கும் என்பதும் பெற்றாம். ராவிப் பள்ளத்தைப் பெரிதாக்கலாம், ஆடும் பள்ளத்தைச் சிறிதாக்க முடியாது. ஆகலின் புது நட்டு செய்க என்பது குறிப்பெச்சம். இதற்கு மாட்டெலும்பு சிறந்தது என்பர் ஒருசாரார். பித்தளையே என்பர் வடசென்னையார். காசிமேட்டு விசைப்படகுகளில் கழித்துப் போட்ட பித்தளை இரும்புக் கடையில் எடைக்குக் கிடைப்பதே அவர்தம் கொள்கைக்குக் காரணம்.

பித்தளைத் துண்டோடு ஆய்வுப் பொருளானவர் போய் நிற்கும் இடம் லேத் பட்டறை. கிட்டார் பழுது பார்ப்போர் தென்சென்னையில் உண்டு. ஆனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தடவிப் பார்த்தே சொல்லும் விரல்கள் வடக்கேதான் அதிகம். பட்டறை அண்ணன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா, எல்லாமே ஏறுமாறா கேக்குற?”

“இடக்கைண்ணே.”

“அதுக்கின்னா இப்போ. புல்லட்டு கியரையே இந்தாண்டருந்து அந்தாண்ட மாத்துனவன் நானு. இது நாலே நாலு கம்பி.”

இக்கூற்று வரலாற்று அடிப்படை உடையது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்த என்ஃபீல்டு, திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டுகளுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகள் ஓட்டிப் பழகியவர்கள் அவசரத்தில் பிரேக்கென்று கியரை மிதித்தார்கள். வலத்தை இடமாக்கும் தொழில்நுட்பம் இவ்வட்டாரத்தில் அப்படித்தான் வளர்ந்தது. மோட்டார் சைக்கிளுக்குச் செய்ததைக் கிட்டாருக்குச் செய்யக் கூலி மட்டும் கூடுதல். சின்ன வேலை என்பது காரணம்.

நட்டு முடிந்ததும் அடுத்த குறை வெளிப்படுகிறது. பிரிசிஷன் வகைக் கருவியின் மேல்கொம்பு நீண்டு, தோள்வாரை முன்னே தாங்கும். கருவியைக் கவிழ்த்தால் குட்டைக் கொம்பு மேலே வந்துவிடும். வார் பின்னுக்குப் போக, கனமான முறுக்காணிகளைச் சுமக்கும் தலை தரையை நோக்கி இறங்கும். இடக்கைக்காரர் ஒரு கையால் கழுத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே கையால் சுரமும் அழுத்த வேண்டும். பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் ஹாஃப்னர் வயலின் வடிவப் பேஸை வாங்கியதற்கு, இருபுறமும் ஒன்றுபோல இருந்ததால் கவிழ்த்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஹாம்பர்க் கிடைத்தது. நமக்குக் காசிமேடு. வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி, கருவியின் வால்பக்கம் துளையிட்டு நிரப்பினால் தலை எழும். ஏற்கெனவே நான்கு கிலோ. ஈயமும் சேர, இரண்டு மணி நேரக் கச்சேரி முடிவில் கருவி நேராக நிற்கும், வாசித்தவர் சாய்ந்திருப்பார்.

மூன்றாவது குறை குமிழ்கள். கவிழ்த்ததும் வால்யூம் குமிழ் முன்கைக்கு நேர் கீழே வந்துவிடுகிறது. உணர்ச்சிவசப்பட்டுக் கையை வீசும் இடத்தில் சத்தம் அடங்கிவிடும். குமிழைப் புது இடத்துக்கு மாற்றிச் சுழலும் திசையையும் புரட்டினால், ஏறுமானம் தப்பி, முதல் கால் சுற்றிலேயே கூரை பிய்த்துக்கொள்ளும், மீதி முக்கால் சுற்றில் பெரிதாக ஒன்றும் மாறாது. ரிச்சி தெருவில் நேர்கோட்டு ஏறுமானமுள்ள பாட் வாங்கி மாட்டுவதே வழி. சுர இடம் காட்டும் கழுத்தோரத்துப் புள்ளிகள் இப்போது தரையைப் பார்க்கும். மேலோரத்தில் புதுப் புள்ளி வைக்கத் தங்கையின் நெயில் பாலிஷ் பயன்பட்டதாகத் தெரிகிறது. தங்கை உடன்படவில்லை என்றும் தெரிகிறது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிப்பது இரு கையாருக்கும் பொது, ஆதலின் விரிக்கவில்லை. பழைய கம்பியைச் சோற்றுப் பானையில் வேகவைத்தால் அழுக்கும் எண்ணெயும் இறங்கி ஓசை கொஞ்ச நாள் மீளும் என்பதையும், அம்மாவின் பார்வை மீளாது என்பதையும் மட்டும் குறித்துவைக்கிறோம்.

இனி நிறுவலுக்கு வருவோம். முதல் கருவியில் நட்டு பழகுகிறது, துளை தவறுகிறது. துளை சரியாக அமைய இரண்டாவது கருவி வேண்டும். இரண்டாவதில் கொம்பு உதைக்கிறது. கொம்பு சமமாக உள்ள மூன்றாவது ஒன்றைத் தேடுகிறார். அதற்குள் இடக்கைக் கருவியொன்று யாரிடமோ இருப்பதாகத் தகவல் வருகிறது. வாங்காமல் விட்டால் இந்த ஜன்மத்தில் இன்னொன்று வராது என்பதால் கடன் வாங்கியாவது வாங்குகிறார். வந்தபின் பார்த்தால் அது யாரோ திருப்பிய வலக்கைக் கருவி. பழையதை விற்றுவிடலாமே எனின், விற்க முடியாது. வலக்கைக்காரன் வாங்கினால் மறுபடி புரட்ட வேண்டும், ஈயத்தை எடுக்க வேண்டும். இடக்கைக்காரன் வாங்கலாம் எனின், இவ்வட்டாரத்து இடக்கைக்காரர் அனைவரும் ஏற்கெனவே விற்பவர்கள். உள்ளே வரும் பாதை உண்டு, வெளியேறும் பாதை இல்லை. இதைச் சேகரிப்பு என்று அழைப்பது வாங்கியவரின் மனைவி மட்டுமே, அதுவும் வேறு சொற்களால்.

திருடனாவது எடுத்துப்போவானா எனின், பத்துத் திருடரில் ஒன்பது பேருக்கு இது உதவாது என்றே இவ்வாய்வாளர் நெடுநாள் நம்பியிருந்தார். மெக்கார்ட்னியின் அந்த முதல் ஹாஃப்னர் 1972-ல் லண்டனில் வேனிலிருந்து களவுபோய், அவருக்குத் திரும்பக் கிடைத்த செய்தி 2024 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. ஆகவே அந்த நம்பிக்கை திருத்தப்படுகிறது.

எதிர்வாதமாகப் பட்டினத்தாரைக் காட்டுவர் சிலர். அவர் ஜீவசமாதி திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் துறந்தவரின் ஊரில் இத்தனை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. துறப்பதற்கு வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்பது நம் மறுமொழி.

மேடைக்கு வந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசித்தால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது, அதற்கு இணங்காதவர்களும் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் அவர் பக்கம் நின்றார். ஆடித் திருவிழாவில் கூழ் ஊற்றும் இடத்துக்குப் பக்கத்தில் போட்ட நான்கு பலகை மேடையில் செம்பை கிடைப்பதில்லை. லீட் கிட்டாரின் கழுத்தும் பேஸின் கழுத்தும் ஒன்றையொன்று நோக்கி வந்து முட்டிக்கொள்ளும். இடம் மாறி நின்றால் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து, கானா பாடும் அண்ணன் நடுவில் மைக்கோடு சௌகரியமாக நிற்கிறார். ஓரத்தில் நிற்பவர்களின் கண்தான் ஆபத்தில் இருக்கிறது.

இறுதியாக, இவ்வாய்வுக்குள் அடங்காதவர்கள். அமெரிக்கரான எலிசபெத் காட்டன், இடக்கைக்காரி; வலக்கைக் கிட்டாரைக் கம்பிகூட மாற்றாமல் அப்படியே கவிழ்த்து, தாழ்சுரத்தை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் வாசித்தார். பேஸில் ஜிம்மி ஹாஸ்லிப் இதே வழி. நட்டு இல்லை, அரம் இல்லை, ஈயம் இல்லை. இத்தகையோர் வெளிநாட்டினர் என்று ஒதுக்கிவிட்டிருந்தோம். அண்மையில் ராயபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பள்ளிச் சீருடை வயதுப் பையன் ஒருவன் சர்ச்சுக்குச் சொந்தமான வலக்கைப் பேஸைச் சுவரிலிருந்து எடுத்தான், தலைகீழாக மாட்டினான், வாசித்தான். “தம்பி, கம்பி மாத்தலையா?” என்றதற்கு, “மாத்தணுமாண்ணா?” என்றான். அவனிடம் சொந்தமாக ஒரு கருவியும் இல்லை என்பதால் கருதுகோளின்படி அவன் இடக்கைக்காரனே அல்லன், தரவிலிருந்து நீக்கப்பட்டுள்ளான். அவன் நன்றாக வாசித்தானா என்பது ஆய்வு வினாக்களுள் ஒன்றன்று.