சவுண்டு சரியில்லை

கிராம சபைக் கூட்டத்துக்குத் தலைவரும் செயலரும் ஒன்றியத்திலிருந்து அனுப்பப்படும் பற்றாளரும் வருவது கடமைக்காக. 'சவுண்டு சரியில்லை' என்று சொல்பவர் வருவது ஆசைக்காக. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் அவருக்கென்று ஒரு பிரிவும் கிடையாது. ஆனாலும் மீஞ்சூர் ஒன்றியத்தில், காட்டூர் தொடங்கி 'லைட் ஹவுஸ்' என்றே பெயர் வாங்கிவிட்ட ஊராட்சி வரைக்கும், அவர் வாய் திறக்காமல் ஒரு கூட்டமும் முடிவதில்லை.

பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். வாலிபத்தில் மைக் செட் கடையில் எடுபிடியாக இருந்து, ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாக்களுக்குப் பனைமரம் ஏறிக் குழாய் கட்டியவர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியின் வாயைக் கட்டின. கூம்புக் குழாய்க்கும் கெடுபிடி வந்தது. தொழிலை விட்டாலும் காது அவரை விடவில்லை. கல்யாண வீட்டில் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் ஸ்பீக்கர் பாக்ஸைப் பார்ப்பார். சாவு வீட்டில் ஒப்பாரியைக் கேட்டுவிட்டு, "பேஸ் ரொம்ப இழுக்குது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியமாகச் சொல்வார்.

அவருக்கு ஆண்டில் ஆறு திருநாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 200 பேர் வந்தாக வேண்டும். அந்தக் குறைவெண்ணை நிரப்பத் தலை எண்ணும்போது முதல் தலை அவருடையது. கூட்டம் 11 மணிக்கு என்றால் 9 மணிக்கே வந்து, செட்டுக்காரப் பையன் ஒயர் இழுப்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். பையனுக்கு அன்றைய வாடகையைவிட இந்தப் பார்வைதான் பாரம்.

செயலர் படிவம் 30-ஐக் கையில் எடுத்து வரவு செலவு வாசிக்கத் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து குரல் எழும்: "சார், பின்னாடி ஒண்ணும் கேக்கல."

செயலர் மைக்கை வாயருகே இழுப்பார். "இப்ப கேக்குதா?"

"கேக்குது சார். புரியல."

இதைச் சொல்லிக்கொண்டே அவர் பாதி தூரம் முன்னால் வந்திருப்பார். மீதித் தூரத்தைக் கடப்பதற்குள் ஆம்ப்ளிஃபயர் பொத்தானில் கை போய்விடும். ஒலியைக் கூட்டியதும் ஸ்பீக்கரிலிருந்து வருவதையே மைக் திரும்ப வாங்கும். வாங்கியதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கித் தரும். தந்ததை மைக் மறுபடி வாங்கும். இந்தச் சுற்று நொடிக்குள் முற்றி, கூட்டமே காதைப் பொத்தும்படி ஓர் ஊளை கிளம்பும். ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடக்கூடிய கோளாறு இது. அவர் தீர்ப்பு வேறு: "மைக்கு மேல தப்பில்ல. ஆம்ப்ளிஃபயர் சின்னது."

பழவேற்காட்டு வட்டாரத்தில் அவருக்கு உண்மையான எதிரி உப்புக்காற்று. ஏரியின் உவர்நீரும் கடலும் சேர்ந்து அனுப்பும் ஈரம், மைக் ஒயரின் ஜாக் பின்னில் பச்சையாகப் பூத்துவிடும். அவர் சட்டைப்பையில் எப்போதும் கிழிந்த உப்புத்தாள் ஒரு துண்டு இருக்கும். பின்னைப் பிடுங்கி, ஊதி, நாலு தேய்ப்புத் தேய்த்து, வேட்டி முனையில் துடைத்துச் செருகுவார். அப்படியும் ஆடினால் தீக்குச்சியை ஒடித்து இடுக்கில் வைப்பார். குரல் கணீரென்று வரும். இந்த ஒரு நிமிடம் மட்டும் அவரைக் கேலி செய்ய யாருக்கும் மனம் வராது.

கோளாறெல்லாம் அவருடைய வாட்ஸ் கொள்கையில்தான். 250 வாட்ஸ் கேட்கவில்லையென்றால் 500. அதுவும் போதாதென்றால் 1,000. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது கொஞ்சம்தான் தெரியும். எட்டு மீட்டர் தள்ளி நிற்பவர் நாலு மீட்டருக்கு வந்தால், திறந்தவெளியில் 6 டெசிபல் கூடிவிடும். அதாவது, சுவரோரம் நிற்கும் ஆண்கள் நாற்காலிக்கு வந்தாலே வாட்ஸை நாலு மடங்காக்கிய பலன் கிடைக்கும், செலவில்லாமல். ஆனால் அவர்கள் நகர மாட்டார்கள். அங்கேதான் பேச்சுத் துணை இருக்கிறது. கட்டடமும் ஒத்துழைப்பதில்லை. டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பி அடிக்க, முந்தைய சொல்லின் வாலில் அடுத்த சொல் ஏறிக்கொள்ளும். நாலு கனத்த திரைச்சீலை போதும். திரைச்சீலைக்குப் பொத்தான் இல்லாததால் அவர் அதைக் கருவியாக மதிப்பதில்லை.

தீர்மானம் கொண்டுவருவதில் அவர் சளைக்காதவர். 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டுப்பட்டிருந்தது. மிச்சம் 40 விழுக்காட்டைத்தான் ஊர்த் தேவைக்கு எடுக்க முடிந்தது. அந்த நாற்பதைக் கேட்டுத் தெரு விளக்கு, சாலை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் வரிசையில் நிற்க, இவருடைய ப்ரொஜெக்டர் நடுவில் நுழையும். வந்த ப்ரொஜெக்டரைப் பட்டப்பகலில் பந்தலுக்குக் கீழே ஓட விட்டால் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருக்கும். "லூமென்ஸ் பத்தல" என்பார். பகல் அதிகம் என்பது அவருக்குத் தோன்றாது.

2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது, தலைவர் நாற்காலி காலியானதைவிட மைக் பொறுப்பு யாருக்கு என்பதே அவர் கவலை. அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காணொலி வழியே கிராம சபைகளில் பேசினார். அன்று எல்.இ.டி. டிவிக்குப் பக்கத்தில் நிற்கும் உரிமை இவருக்குத்தான். படம் உறைந்தால் "நெட்டு சுத்துது" என்று அறிவிப்பதும் இவரே. கருவி யார் கையிலோ அதிகாரமும் அவர் கையில் என்பது உலகப் பொது வழக்கம். இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த்தில் 2020 டிசம்பரில் ஜூம் வழியே நடந்த ஊர்மன்றக் கூட்டத்தில், கூட்டத்தை நடத்த வந்த அலுவலர் தலைவரையே திரையிலிருந்து வெளியேற்றிவிட்டார். சில வாரங்கள் கழித்து அந்தக் காட்சி உலகமெல்லாம் பரவியது. வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்த நம்மவர் கேட்டது ஒன்றே: "அவங்க சவுண்டு எப்படி இவ்ளோ கிளியரா வருது?"

அவருடைய சேவை எடுபடாத ஒரு கூட்டம் உண்டு. ஏரிக்கரைக் குப்பங்களில், எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்த இடத்தில் வலை வைப்பது என்று 'பாடு' பிரிக்கும் கூட்டம் அது. குலுக்கலில் தப்பினால் வருமானம் தப்பும். அதனால் அங்கே ஒவ்வொரு காதும் விறைத்து நிற்கும். சந்தேகம் வந்தவர் எழுந்து கத்திக் கேட்பார். பதில் அதே உரப்பில் வரும். செட் போட்டுத் தருகிறேன் என்றால், "எதுக்கு?" என்பார்கள். ஆழ்ந்து யோசித்தும் அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 'சபாசார்' என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டுவந்தது. கிராம சபையின் ஒலிப்பதிவைக் கொடுத்தால் அதுவே நடவடிக்கைக் குறிப்பை எழுதித் தரும். தமிழும் அதற்குத் தெரியும். 'சவுண்டு சரியில்லை' என்பதற்கு முதல் முறையாக அரசு வழியில் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. அவர் மதிப்பீடு தயாரித்துவிட்டார்: மேடைக்கு வளையும் கழுத்து மைக் எட்டு, காலம் ஸ்பீக்கர் நாலு, மிக்ஸர் ஒன்று, பெரிய டிவி ஒன்று. போர்த் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று சொல்ல எழும் பெண்களுக்கும், ஏரிக்கரை உயர்த்தும் வேலை என்ன ஆச்சு என்று கேட்கும் விவசாயிக்கும், வழக்கம்போல ஒரே ஒரு கார்ட்லெஸ் மைக். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறியது அறுபதுகளின் இறுதியிலேயே தெரிந்த சேதி. கேள்வியும் அத்தனை பழையது. அது ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம், கேட்பவர் கைக்குப் போய்ச் சேரும்போது அந்த மைக்கில் செல் தீர்ந்திருப்பதுதான். எட்டு மைக், நாலு ஸ்பீக்கர், ஒரு டிவி எழுதிய மதிப்பீட்டில் பென்சில் செல் இல்லை. எடுத்துச் சொன்னால் அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.