சுவிட்ச் போர்டு அம்மா பொறுப்பு

1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டோம். செல்போன் டவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் எங்கள் வீட்டு முன்வராந்தா தமிழ்நாடு. கிணற்றடிக்குப் போனால் கேரளா ரோமிங். அப்போதெல்லாம் அங்கே நின்றபடி, வந்த போனை எடுத்தாலே காசு போகும். 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கும்வரை, மணியடித்ததும் அம்மா வாளியைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடி வருவாள். குளிக்கப் போய் வெளிமாநிலம் கண்ட குடும்பம் எங்களுடையது. ஷார்ஜாவில் இருந்துகொண்டு வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறப்பதெல்லாம் ஒரு விஷயமா?

ஏற்பாடும் சுலபம்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பைப் போட்டு, ஒரு கூகுள் கணக்கோடு இணைத்து, குறைந்தது ஆறு இலக்கத்தில் ஒரு பின் நம்பர் வைத்தால் போதும். நம்மூர் இணைப்புகள் பலவற்றுக்குச் சொந்தமாக ஐபி முகவரி கிடையாது; ஒரே முகவரியில் பல வீடுகள் குடியிருக்கும். வெளியிலிருந்து வருகிறவன் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவான்? அதனால் கம்ப்யூட்டரே சர்வரைக் கூப்பிட்டு, தான் உயிரோடு இருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வழியாகத்தான் நாம் உள்ளே போகிறோம்.

எனக்கு வேண்டியது அப்பா ஸ்கேன் செய்து வைத்திருந்த வஸ்து பத்திரம், அதாவது நிலப் பத்திரம். திருவிதாங்கூர் காலத்தது, மலையாள எழுத்து. அதை ஆன்லைனில் ஏற்றி வைக்கலாமே என்றால், "வஸ்து பத்திரத்த அந்நியன் வீட்டுல கொண்டு வைப்பாவளா?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாத கேள்வி. நியாயமான கேள்வியும்கூட.

கணக்கு அப்பா பெயரில். நான் ஷார்ஜாவிலிருந்து நுழைந்ததும் அவர் போனுக்கு விசாரணை போயிற்று: உள்ளே வர முயல்வது நீங்கள்தானா? அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"நான் எங்க மக்களே ஷார்ஜாவுக்கு வந்தேன்? நானில்லேன்னு அமத்திட்டேன்."

பிறகு பாஸ்வேர்டை மாற்றி, 'ஆமாம்' என்று அமுக்குவது பொய்ச்சாட்சி ஆகாது என்று அவருக்குப் புரியவைத்து, ஒருவழியாக உள்ளே போனேன். வீட்டுத் திரையில் மவுஸ் தானாக நகர்ந்தது. கூடவே ஒரு சின்னப் பெட்டி: உங்கள் டெஸ்க்டாப் இன்னாரோடு பகிரப்படுகிறது. அந்த இன்னார் அப்பாவின் மெயில் முகவரியேதான். பக்கத்தில் நிறுத்துவதற்கு ஒரு பொத்தான். "என் பேரச் சொல்லி எவனோ உள்ள கேறியிருக்கான்" என்று அதை அமுக்கினார். எவ்வளவு பாதுகாப்பான கம்ப்யூட்டர் பாருங்கள். வங்கிகள் இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவையும் சமாளித்தாயிற்று. ஐப்பசியை என்ன செய்வது? எங்கள் பக்கம் மத்தியானம் திரும்பியதும் வானம் இருட்டும். இடி ஒன்று உருண்டால் போதும், அம்மா வீடு முழுக்க ஒரு நடை போவாள்: டிவி, மிக்சி, ரவுட்டர், கம்ப்யூட்டர் எல்லாப் பிளக்கும் தரையில். தூங்குகிற கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக எழுப்ப ஒரு வித்தை உண்டு. அதற்காக அனுப்பும் செய்திக்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர். முதலில் ஆறு பைட், பின்னால் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு முகவரி 16 முறை. ஏறக்குறைய நாமஜெபம். ஆனால் ஜெபத்தைக் கேட்கக் கார்டுக்குக் கொஞ்சம் கரண்டு வேண்டும்.

"இடி வெட்டுது மக்களே. உனக்குப் பத்திரமா பெரிசு, வீடா பெரிசு?"

இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். நான் முதலில் அம்மாவுக்குப் போன் செய்வேன். அவள் வானத்தைப் பார்த்து அனுமதி கொடுத்தால் பிளக் ஏறும். அப்பா போனில் 'ஆமாம்' அமுக்கிவிட்டுத் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பத்திரம் கைக்கு வந்து நாளாயிற்று. ஆனாலும் மவுஸ் அசைந்தால் அவருக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. கீபோர்டு அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. இருந்தும் போனில் என்னிடம் சொல்கிறார்:

"வந்தது வந்துட்டே, கோட்டயத்துல இன்னைக்கு ரப்பர் வெலை என்னான்னு பாத்துச் சொல்லிட்டுப் போ."